முளைப்பதும் பாடுவதும்

விலங்குக் கூடத்தின் உள்கதவு சாத்திக்கொண்டதும் வசுமதிக்கு முதலில் தோன்றியது, நல்லவேளை, இங்கே போன் கிடையாது என்பதுதான். குருவிகளின் பாட்டைப் பதிவு செய்கிற இடம். ஒரு ரிங்டோன் உள்ளே நுழைந்தால் ஒரு மாத வேலை பாழ் என்று விஞ்ஞானி மேடம் வாசலிலேயே ஒரு பெட்டி வைத்திருந்தார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே போடுகிற அந்தப் பெட்டியில் இன்றைக்கு அவள் போனைப் போட்ட வேகத்தைப் பார்த்தால், விட்டது சனி என்று தலைமுழுகியவள் மாதிரி இருந்தது. மணி எட்டு பத்து. பதினோரு மணிக்குத் துரைராசுவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோவார்கள். பத்து மணிக்குள் வேலையை முடித்துவிட்டுக் காந்திபுரம் பஸ்ஸைப் பிடித்தால் பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. கட்டிய புருஷனின் காலில் கத்தி வைக்கிற நாளில் எவளாவது வேலைக்கு வருவாளா என்றால், வருவாள். இன்னொரு பராமரிப்பாளர் சபரிமலைக்குப் போயிருந்தார், தொட்டித் தண்ணீரை இன்றைக்கு மாற்றியே ஆக வேண்டும், புருஷனின் அக்கா தெய்வானை அண்ணி ராத்திரியிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள், "நீ போயிட்டு வா புள்ள, நான் பாத்துக்கறேன், இங்க உக்காந்து நீ மட்டும் என்ன பண்ணப் போற" என்று அவளேதான் சொன்னாள். எல்லாம் உண்மை. உண்மைகளை வரிசையாக அடுக்கி அதற்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்துகொள்ளவும் முடியும் என்பதை இந்த மூன்று வாரத்தில் வசுமதி நன்றாகவே பழகியிருந்தாள்.

முதலில் நீர்ப்பல்லிகள். ஆக்சலாட்டில் என்று பெயர், மெக்சிகோ ஏரித் தண்ணீரின் சாதி; பெயர் வாயில் நுழையாமல் கூடத்தில் எல்லாரும் நீர்ப்பல்லி என்றே சொல்லிவிட்டார்கள். ஒரு சாண் நீளம், வெளிறிய ரோஜா நிறம், தலைக்கு இரண்டு பக்கமும் சிவப்பு இறகு செருகினாற்போலச் செவுள், இமையில்லாத கண், எப்போதும் சிரித்த மாதிரி வாய். அந்தச் சிரிப்பை நம்பக் கூடாது. தாடையின் அமைப்பு அப்படி, செத்துக் கிடந்தாலும் சிரிக்கும். இருபத்திரண்டு தொட்டிகள், தொட்டிக்கு ஒன்று. இரண்டைச் சேர்த்து விட்டால் பசி வேளையில் ஒன்றின் காலை மற்றது கடித்துவிடும். கடித்தால்தான் என்ன, ஐம்பது அறுபது நாளில் எலும்பு, சதை, நரம்பு, விரல் என்று எல்லாம் பழையபடி முளைத்துவிடும், கடித்ததும் கடிபட்டதும் அதே சிரிப்போடு மிதக்கும். வசுமதி ஒவ்வொரு தொட்டியிலும் தெர்மாமீட்டரை விட்டு, அறுபது எண்ணி, வெளியே எடுத்து, பதிவேட்டில் எழுதினாள். 18.0. 17.9. 18.1. பதினெட்டை விட்டு அதிகம் மேலே போகக் கூடாது. போனால் அவை சாப்பாட்டை மறுக்கும், தோலில் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் எந்தக் காலும் முளைக்காது. பதினொரு வருஷமாக இதே வேலை, தசமப்புள்ளி தவறாமல். வசுமதி அக்கா எழுதினால் அது கல்வெட்டு என்று ஆராய்ச்சி மாணவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். ஒரு பல்லிக்கு அரை டிகிரி கூடினால் பதறுகிறவள். பல்லிக்கு. அந்தச் சொல்லிடம் வந்ததும் மனசு சட்டென்று பக்கத்துத் தொட்டிக்குத் தாவியது, சூடான பாத்திரத்தில் கை பட்டாற்போல.

ஒன்பதாம் தொட்டியில் இருக்கிறதுக்கு வலது முன்னங்கால் போன ஐப்பசியில் வெட்டியது. மயக்க மருந்துத் தண்ணீரில் அது அசையாமல் கிடந்ததும், மேடம் ஒரே வெட்டாக வெட்டியதும், வெட்டுவாயில் ஒரு நாளைக்குள் மெல்லிய தோல் மூடிக்கொண்டதும், பிறகு ஒரு மொட்டு மாதிரி கிளம்பியதும் அவள் கண்ணெதிரே நடந்தது. இப்போது நான்கு விரல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி எழுதினாள். துரைராசுவின் இடது காலில் பெருவிரலும் அடுத்த இரண்டும் கறுத்துவிட்டன. கருப்பு என்றால் சாதாரணக் கருப்பு இல்லை, தீய்ந்த கத்தரிக்காயின் கருப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. போன வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூடத்துக்கு அழைத்து வந்தபோது மேடம் சுவரில் ஒரு பெரிய அட்டை எழுதி மாட்டினார், இன்னும் கழற்றவில்லை. இடது பக்கம் ஜீப்ரா ஃபிஞ்ச் குருவி, வலது பக்கம் நீர்ப்பல்லி. இரண்டுக்கும் முதுகெலும்பு உண்டு. இரண்டும் முட்டையிடும். குருவியின் உடம்பில் சூடு உள்ளே இருக்கிறது. பல்லிக்குத் தண்ணீரின் சூடுதான் தன் சூடு. குருவியின் காலை வெட்டினால் முளைக்காது, பல்லிக்கு முளைக்கும். குருவி அப்பனிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளும். பல்லிக்குக் கற்க ஒன்றுமில்லை. அந்த அட்டையைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவள் வசுமதி. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப எது ஆன்ட்டி ஒசத்தி?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து, ரெண்டும்தான் கண்ணு என்று மழுப்பினாள். இப்போது கேட்டால் சொல்லியிருப்பாள். முளைக்கிறதுதான் உசத்தி. பாட்டென்ன பாட்டு, கால் முளைக்குமா பாட்டுக்கு. மனுஷன் இந்த அட்டையில் எந்தப் பக்கம் என்று அந்தப் பெண் கேட்காமல் போனதே பெரிய விஷயம்.

பத்தாம் தொட்டி 18.0, பதினொன்று 17.8. எழுதிவிட்டுத் தடுப்புக் கதவைத் தள்ளிக் குருவிகள் பக்கம் போனாள். தினையும் தண்ணீரும் வைத்துவிட்டு மிச்சத் தொட்டிகளைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் எப்போதும் பொம்மைக்கடையில் விசை முடுக்கி விட்ட மாதிரி ஒரு சத்தம். ஆண்கள்தான் பாடும், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த ஆண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே பாட்டு. குஞ்சாக இருக்கும்போது அப்பன் வாயிலிருந்து பிடித்தது, மூன்று மாதத்துக்குள் மனசில் பதிந்துவிட வேண்டும், பதிந்த பிறகு சாகிறவரை அதே பாட்டு, ஒரு சுரம் கூட மாறாது. மாமனாரும் "அதெல்லாம் ஒன்னுமில்ல" என்று சொல்லிச் சொல்லியே செத்தார். மாரடைப்பு வந்த அன்றைக்கும் அதெல்லாம் ஒன்னுமில்ல என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே மோட்டார் போடப் போனவர். மகன் அதே மெட்டு. சுகர் முன்னூற்றி நாற்பது என்றால் அதெல்லாம் ஒன்னுமில்ல. பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸில் நாள் முழுக்கச் சிமெண்ட் தரையில் நின்றுவிட்டு வந்து குதிகாலைப் பிசைந்துகொண்டே அதெல்லாம் ஒன்னுமில்ல. போன ஆடியில் கடைக்குப் போய்த் திரும்பியவர் ஒரு காலில் செருப்பில்லாமல் வந்து நின்றார். எங்கீங்க இன்னொன்னு என்று கேட்டால் குனிந்து பார்த்துத் திகைக்கிறார். தெரு முனையில் கழன்று கிடந்ததை அவளே போய் எடுத்து வந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செருப்புக் கழன்றது தெரியாத காலுக்கு வேறென்ன தெரியும் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியது. தோன்றி, சிரிப்பில் போய்விட்டது.

நாற்பத்தொன்றாம் நம்பர் வளையம் போட்ட குருவி பாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்க்காமல் தினை மட்டும் போட்டுவிட்டுப் போக நினைத்து, பார்த்தாள். சித்திரையில் ஆராய்ச்சிக்காக அதன் உள்காதை எடுத்துச் செவிடாக்கினார்கள். எடுத்து ஒரு வாரம் கழித்தும் அது பழையபடி அட்சர சுத்தமாகப் பாடியதைக் கேட்டு வசுமதி ஓடிப்போய், "மேடம், நாப்பத்தொன்னுக்குக் காது கேக்குதுங்க, ஆப்பரேசன் சரியா நடக்கலைன்னு நினைக்கறேன்" என்றாள். மேடம் தலையாட்டினார். "கேக்கல வசுமதி. பழக்கத்துல பாடுது. தான் பாடறது தன் காதுல விழலைன்னு அதுக்கே இன்னும் புரியல. ரெண்டு மாசம் போகட்டும், உடைஞ்சிரும்." உடைந்தது. முதலில் ஒரு சுரம் நீண்டது, பிறகு இரண்டு சுரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது, இப்போது பாடுவது பாட்டில்லை, கதவுக் கீல். அலகை முழுக்கத் திறந்து, நெஞ்சைப் புடைத்து, அரசவைப் பாடகன் மாதிரி நின்றுகொண்டு அது அந்தக் கீல் சத்தத்தைப் போட்டது. வசுமதி கையில் தினைக் கிண்ணத்தோடு நின்றாள். அவளும் கேட்கத்தான் செய்தாள், வாளியில் வெந்நீர் ஊற்றிய அன்றைக்கும் கேட்டாள். "சூடு போதுங்களா?" என்று கேட்டதற்குத் துரைராசு டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா இருக்குது, இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். பழக்கத்தில் சொன்னார். இருபத்தாறு வருஷமாக அவள் எது வைத்தாலும் நல்லா இருக்குது, இன்னுங் கொஞ்சம் என்று சொல்லிப் பழகிய வாய், உப்பில்லாத ரசத்துக்கும் அதையே சொல்லும். காதில்லாத குருவியைக் கையில் வைத்துக்கொண்டு, பாடுகிறதே என்று நம்பினவள்தானே, காலிடம் கேட்க வேண்டியதை வாயிடம் கேட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடிகாலையில் திருப்பூரில் கல்யாணம், புது ஷூ வாங்கியிருந்தார். குதிகால் வலிக்கிறது என்றார். கல்லுப்பு போட்டு வெந்நீரில் வைத்தால் வலி இழுக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். சிவப்பு பிளாஸ்டிக் வாளி, ஒரு கால்தான் கொள்ளும்; இடது காலை முதலில் வைத்தார். அவள் போசிப் பாத்திரத்தோடு கொதிநீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். இன்னுங் கொஞ்சம் என்றார், ஊற்றினாள். இன்னும் என்றார், ஊற்றினாள். ஆவி வந்ததைப் பார்த்தாள். அந்த ஆவிதான் இப்போது எங்கே பார்த்தாலும் வருகிறது, சோற்றுப் பானையில், பஸ் எஞ்சினில், ஆஸ்பத்திரி காண்டீனில். கையை விட்டுப் பார்த்திருக்கலாமே. ஒரு விரலை. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை நனைத்துப் பார்க்காத பொம்பளை உண்டா? பிள்ளையாவது சூடு பட்டால் அழும், அவர் காலுக்கு அது தெரியாதே என்று அவளுக்குத் தெரியுமே. வலது காலை அடுத்தபடியாக வைத்திருப்பார். கரண்ட் போய் டீவி நின்றது, போதும் போ என்று எழுந்துவிட்டார். அந்தக் கரண்ட் போகாமல் இருந்திருந்தால் என்கிற இடத்துக்கு மட்டும் வசுமதி போகமாட்டாள். மறுநாள் இருட்டோடு சாக்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள், சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸோடு தோல் வந்தது. "அட, புது ஷூ கடிச்சிருச்சு போல" என்றார் அவர். அவள் குனிந்து பார்த்தாள். பாதத்தைச் சுற்றிக் கொப்புளம் ஒரு கோடாக நின்றது, கிணற்றில் தண்ணீர் நின்ற தடம் போல, ஒரே மட்டமாக. ஷூ அப்படிக் கடிக்காது. ஷூவுக்கு மட்டம் தெரியாது. ஆமாங்க, ஷூதான் என்றாள். அவ்வளவுதான். ரெண்டு சொல்லுக்கு மேல் இல்லாத பேச்சு. அதன்மேல் மஞ்சள், அதன்மேல் களிம்பு, அதன்மேல் துணிக்கட்டு, அதன்மேல் மூன்று வாரம். கோடு சிவப்பில் கரைந்தது, சிவப்பு கருப்பில் கரைந்தது. தெய்வானை அண்ணி அந்த ஷூவைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, "நாசமாப் போறவன், என்ன தோல்ல தெச்சானோ" என்று கடைக்காரனுக்கு மண்ணை வாரித் தூற்றினாள். வசுமதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினைக் கிண்ணங்களை நிரப்பிவிட்டு அவள் மறுபடி தொட்டிகளுக்கு வந்தாள். நேற்று டாக்டர் கேட்ட கேள்வியும் கூடவே வந்தது, செருப்பில் ஒட்டிய சுவிங்கம் மாதிரி. நல்ல மனுஷன், நாற்பது வயசிருக்கும், காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து அவளிடம் தனியாகப் பேசினார். "ஒரு ஷூ கடி மூணு வாரத்துல இவ்வளவு தூரம் கறுத்துப் போகுதுன்னா, கால்ல ரத்தம் சரியா இறங்கலைன்னுதான் அர்த்தம்மா. அப்படின்னா விரலை மட்டும் எடுத்துப் புண்ணியமில்ல, ஆறாது. முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் ஆளு பிழைப்பாரு. ஆனா ஸ்கேன்ல ரத்த ஓட்டம் அவ்வளவு மோசமாத் தெரியல, அதுதான் எனக்கு ஒதைக்குது. வேற ஏதாவது பட்டுச்சா? தீ, சுடுதண்ணி, ஒத்தடம், அந்த மாதிரி? வெந்த புண்ணுன்னா கதை வேற. ரத்த ஓட்டம் இருக்கற காலு, விரலோட நிறுத்திப் பாக்கலாம்." இல்லீங்க சார், என்றாள். அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொன்னாள். தெய்வானை அண்ணி நாலடி தள்ளி நின்றாள், அதற்காகவா? கட்டிலில் துரைராசு கண்ணை மூடிக் கிடந்தார், அவர் காதில் விழும் என்றா? அவர் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். திட்டமாட்டார். அதெல்லாம் ஒன்னுமில்ல என்பார். ஒரு காலோடு உட்கார்ந்துகொண்டு, சாகிறவரை, அவள் சோறு போடும்போதெல்லாம், நல்லா இருக்குது, இன்னுங் கொஞ்சம் என்பார். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி ஊற்றுவது? இப்போது சொன்னால் மட்டும் என்ன, டாக்டர் நினைத்ததைத்தான் செய்வார், வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன முழம் என்ன. இல்லை. சாணும் முழமும் ஒன்றில்லை. விரல் ஒன்று, முழங்கால் ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ளது பாதம், குதிகால், கணுக்கால், கெண்டைக்கால். அத்தனையும் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தச் சொல் அவள் வாய்க்குள் இருந்தது. பதினோரு மணிக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடலாம். பத்தே முக்காலுக்குப் போனால் கால் மணி நேரம் இருக்கிறது. தியேட்டர் வாசலில் டாக்டரைப் பிடித்து, தனியாக, காதோடு காதாக. அண்ணிக்குத் தெரிய வேண்டாம். சொல்லிவிடலாம். நேற்று ராத்திரியும் இப்படித்தான் விடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே விடியவைத்தாள்.

பன்னிரண்டு 17.9. பதின்மூன்று 18.1. அடுத்த வரிசை. பதினான்கு 18.0. பதினைந்து 18.0. பதினாறு 18.0. பதினேழாம் தொட்டியின் பல்லி மேலே வந்து காற்றை விழுங்கியது, செவுளின் சிவப்பு வெளுத்திருந்தது. அவள் தெர்மாமீட்டரை வெளியே எடுத்து, துடைத்து, பெட்டியில் வைத்து, பதினெட்டாம் தொட்டிக்கு நகர்ந்த பிறகுதான் அந்த வெளுத்த செவுள் மனசில் உறைத்தது. திரும்பிப் பதிவேட்டைப் பார்த்தாள். 18.0 என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான், வளைந்த எட்டு. ஆனால் தெர்மாமீட்டரில் என்ன பார்த்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. மறுபடி விட்டாள். அறுபது எண்ண முடியவில்லை, இருபதுக்குள் பாதரசம் ஏறி நின்றது. 22.6. அந்த வரிசையின் குளிரூட்டி நின்று போயிருந்தது, எப்போதிலிருந்தோ. பதினான்கிலும் விட்டாள். 22.1. பதினைந்து 22.4. பதினாறு 22.3. நாலு தொட்டி. நாலிலும் கை தன்பாட்டுக்கு 18.0 என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறது, காதில்லாமல் பாடுகிறது. பதினொரு வருஷத்தில் ஒரு பொய் எண் எழுதாதவள் என்று தன்னைப் பற்றி வைத்திருந்த ஒரே பெருமையையும் கை தின்றுவிட்டது. அதைவிடப் பயமாக இருந்தது, எழுதும்போது ஒன்றுமே தெரியவில்லை என்பது. உறுத்தவில்லை. இந்தப் பொய் இப்படியே பழகிப்போகும். நாளைக்கு, மறுநாளைக்கு, தை மாசத்துக்குள் அது ஷூதான் என்று அவளே நம்பிவிடுவாள், யாராவது கேட்டால் கடைக்காரனுக்கு மண்ணை வாரித் தூற்றுவாள். வசுமதி சிவப்புப் பேனாவை எடுத்து நாலு எண்ணையும் அடித்தாள், பக்கத்தில் சரியானதை எழுதினாள், கீழே "தவறாக எழுதியது நான், வசுமதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குளிரூட்டியின் சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள், முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தப்பு நடந்தால் உடனே மேடத்துக்குப் போனில் சொல்ல வேண்டும், அது கூடத்தின் சட்டம். பத்தே முக்கால் வரை காத்திருந்து காதோடு காதாகச் சொல்ல அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவள் கையைக்கூடத் துடைக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். பெட்டியிலிருந்து போனை எடுத்தபோது மணி ஒன்பது ஐந்து. மேடத்துக்கு அடிக்கவில்லை. திரையில் ஆறு மிஸ்டு கால், ஆறும் தெய்வானை அண்ணி.

"ஏம் புள்ள, எத்தனை வாட்டி கூப்படறது?" வசுமதி திருப்பி அடித்ததும் அண்ணி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "மொத ஆப்பரேசன் ஆளு காப்பி குடிச்சுப்போட்டு வந்துட்டானாமா, அவனை நிறுத்திப்போட்டு நம்மாளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எட்டே முக்காலுக்கே போயாச்சு. உன்னையக் கேட்டாங்க, போனு எடுக்கல, கையெழுத்து நானே போட்டுக் குடுத்துட்டேன்."

"எதுவரைக்குங்க அண்ணி?"

"முழங்காலுக்குக் கீழன்னு எழுதியிருக்குது. உள்ள பாத்துப்போட்டுக் கொறைக்க முடிஞ்சாக் கொறைக்கறேன்னாரு. நீ பதறாத. பொறப்பட்டு வா."

தனியாக இல்லை, காதோடு காதாக இல்லை, டாக்டரிடம்கூட இல்லை. உலகத்தில் யாருக்குத் தெரியக் கூடாது என்று மூன்று வாரம் பொத்திப் பொத்தி வைத்தாளோ, அந்த ஒருத்திதான் இப்போது அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். வேறு ஆள் இல்லை.

"அண்ணி, கதவைத் தட்டுங்க."

"என்ன?"

"தியேட்டர் கதவைத் தட்டுங்க. டாக்டர்கிட்டச் சொல்லோணும். அது ஷூ கடிச்சதில்லீங்க. நான் கால்ல கொதிதண்ணியை ஊத்திட்டேன், கையை விட்டுப் பாக்காம ஊத்திட்டேன். அது வெந்த புண்ணுங்க. வெந்த புண்ணுன்னா விரலோட நிறுத்தலாம்னு அவரே சொன்னாரு. நேத்துக் கேட்டாரு, நான் இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். தட்டுங்க அண்ணி, சீக்கிரம் தட்டுங்க."

அந்தப் பக்கம் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகிற சக்கரச் சத்தம் வந்தது, லிஃப்ட் மணி அடித்தது. எட்டே முக்காலிலிருந்து ஒன்பது ஐந்து வரை இருபது நிமிஷம். மயக்க மருந்துக்கு எவ்வளவு, கழுவித் துடைக்க எவ்வளவு, முதல் கீறலுக்கு எவ்வளவு என்று வசுமதியின் மனசு கூட்டிக் கழித்தது, ஒன்பதாம் தொட்டிக்கு மேடம் எடுத்துக்கொண்டது நாலே நிமிஷம்.

"மூணு வாரமாவா?" என்றாள் தெய்வானை.

"ஆமாங்க."

கண்ணாடிக் கதவை உள்ளங்கையால் அறைகிற சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை. "சிஸ்டர்! ஏனுங் சிஸ்டர்! டாக்டரைக் கூப்புடுங்க!" என்று அண்ணியின் குரல் போனை விட்டுத் தள்ளிப் போய்க் கத்தியது. யாரோ ஒருவர், அம்மா, அங்கே தட்டக் கூடாது, தள்ளி நில்லுங்க என்றார். அறைகிற சத்தம் நிற்கவில்லை. வசுமதி போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்துத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் வரும் வரும் என்று நின்றாள். அது இன்னும் வரவில்லை.